ஆப்புல ஆட்டுக்கு இடமில்லீங்க

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் நாலு நாள் எங்க வீட்டு வரவு செலவைப் பார்த்துட்டு, "மாமா, உங்களுக்கு பிளானிங்கே இல்லை"ன்னு சொல்லிட்டான். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. என் போன்ல ஒரு பட்ஜெட் ஆப்பை ஏத்திக் கொடுத்தான். வருமானத்துல 50 சதவீதம் அவசியச் செலவுக்கு, 30 சதவீதம் ஆசைக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. இதுதான் கணக்காம்.

ஆப் கேட்ட முதல் கேள்வியே "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?"

வைகாசியில மஞ்சள் நட்டா தை, மாசியில வெட்டி, வேக வெச்சு, காய வெச்சு ஈரோட்டுக்குக் கொண்டு போவோம். அன்னைக்கு ஏலத்துல என்ன விலையோ அதுதான் வருமானம். அதனால பத்து மாசத்துக்கு சைபர்னு போட்டேன். ஆப் முழுக்க சிவப்பாயிடுச்சு. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஏனுங்க, அதுக்கும் நம்ம நிலைமை தெரிஞ்சு போச்சாட்ட இருக்குது"ன்னா.

சரி, அவசியச் செலவுக்கு வருவோம். அது பால் காசுல ஓடுது. சொசைட்டில புண்ணாக்கு, தீவனத்துக்குப் பிடிச்சது போக மீதியக் கொடுப்பாங்க. மாடு சாப்பிட்ட மிச்சத்துலதான் நாங்க சாப்பிடறோம்.

"ரேஷன் அரிசி இலவசம், கரண்ட் இலவசம், வருஷம் 6,000 ரூபாய் வேற வருதே"ம்பீங்க. வருது, இல்லைன்னு சொல்லலை. 2,000 வீதம் மூணு தவணையா வருது. மாசத்துக்கு வகுத்தா 500 ரூபாய். ஒரு மூட்டை மாட்டுத் தீவனம் அதை விட விலை அதிகம்ங்க.

ஆசைச் செலவு 30 சதவீதம். எங்களுக்கு அது மொய். ஆவணி பொறந்தா ஒரே முகூர்த்தத்துல மூணு பத்திரிக்கை வருது. நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், மூணாவதுக்குப் பையன்னு ஓடுவோம். "தேவையில்லாத செலவு, குறைங்க மாமா"ன்னான் பையன். எப்படிக் குறைக்கிறது? எங்க அப்பா காலத்துல இருந்து மொய் நோட்டு இருக்குது. அவங்க வெச்சதை நாம திருப்பணும், நாம வெச்சது புள்ள கல்யாணத்துக்கு வட்டியில்லாம வரும். ராத்திரி மாடு கெணத்துல விழுந்தா கயிறு எடுத்துட்டு ஓடி வர்றதும் அந்த நோட்டுல இருக்கற ஆளுங்கதான். நல்லவேளை ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்லை. எங்க பட்ஜெட் மூச்சு விடறதே அந்த ரெண்டு மாசம்தான்.

அடுத்தது சேமிப்பு. அது அஞ்சு பவுன் செயினா கூட்டுறவு வங்கிப் பெட்டகத்துல இருக்குது. வருஷம் திரும்புனா வட்டியைக் கட்டி, அதே செயினை அங்கயே மறுபடி வைக்கிறோம். ரொம்பப் பத்திரம். திருடன் வந்தாலும் கிடைக்காது, எங்களுக்கும் கிடைக்காது.

என் மேல தப்பே இல்லைன்னு சொல்ல வரலை. 2010ல மஞ்சள் குவிண்டால் 15,000த்தைத் தாண்டுச்சு. "போதும், குடுத்துருங்க"ன்னா. நான் இருபது வரட்டும்னு இருப்பு வெச்சேன். ஊரே அடுத்த பட்டத்துக்கு மஞ்சளை நட்டுச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள விலை 5,000த்துக்கும் கீழ இறங்கிடுச்சு. இன்னைக்கும் குழம்புல மஞ்சள்தூள் கொஞ்சம் தூக்கலா இருந்தா, "இருபதுக்கு விக்க வெச்சிருந்ததுங்க"ன்னு சொல்லித்தான் ஊத்துவா.

ஆனா நகரத்துல இருக்கற உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். உங்க கம்பெனி வருஷச் சம்பளம் மொத்தத்தையும் மாசி மாசம் ஒரே நாள்ல தரும், எவ்வளவுன்னு அன்னைக்குக் காலையில ஏலம் விட்டுத்தான் சொல்லும்னு வெச்சுக்குங்க. பள்ளிக்கூடம், மளிகைக்கடை, ஆஸ்பத்திரி மட்டும் மாசாமாசம் கேட்கும். உங்க ஆப் என்ன கலர்ல இருக்கும்? எங்களுக்குக் கணக்குத் தெரியாம இல்லீங்க. செலவு மாசக் கணக்குல வருது, வரவு பட்டக் கணக்குல வருது. நடுவுல இருக்கற பள்ளத்தைத்தான் கடன்னு சொல்றோம். சிக்கனத்தால அந்தப் பள்ளம் ரொம்பாது. வெளைஞ்சதுக்கு இன்ன விலைன்னு நடும்போதே ஒரு உறுதி இருந்தா ரொம்பும்.

இந்த ஜூன்ல மஞ்சள் நடவு, மகளுக்குக் காலேஜ் பீஸ் ரெண்டும் ஒண்ணா வந்து நின்னுச்சு. விதை மஞ்சள் வாங்குனா பீஸ் இல்லை, பீஸ் கட்டுனா நடவு இல்லை. நான் யார்கிட்ட கேட்கலாம்னு மூணு நாள் தூங்கலை. நாலாவது நாள் சாயங்காலம் வந்து பார்த்தா பட்டியில மூணு கிடாயைக் காணோம். நூறு நாள் வேலைக் கூலியில அவ குட்டியா வாங்கி, வரப்புப் புல்லுல வளர்த்தது. வித்து பீஸைக் கட்டிட்டு, ரசீதை சாமி படத்துக்குக் கீழ வெச்சிருந்தா.

"சொல்லியிருந்தா நானே வித்திருப்பேனே"ன்னேன்.

"நீங்க விலை ஏறட்டும்னு வெச்சிருப்பீங்க"ன்னா.

அந்த வரவை ஆப்புல ஏத்தலாம்னு பார்த்தேன். சம்பளம், வட்டி, வாடகை, பரிசுன்னு நாலு இடம்தான் இருந்துச்சு. ஆட்டுக்கு இடமே இல்லை. பரிசுன்னு போட்டு விட்டுட்டேன்.