பழைய சோற்றுக்கு ஒரு பிடி அரிசி

இரவில் வடித்த சோறு நன்றாக ஆறியபின், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடி வைத்தால், நாம் உறங்கும் நேரத்தில் நுண்ணுயிர்கள் அதை மெல்லப் புளிக்கவைத்து, விடியற்காலையில் அடுப்பு மூட்டும் பிரயாசைகூட இல்லாத ஓர் ஆகாரத்தை நமக்கு ஆயத்தமாக்கிவிடுகின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாமும் அலுவலகத்துக்கு ஓடவேண்டிய இக்காலத்துத் தம்பதிகளுக்கு இதைவிட அநுகூலமான காலையுணவு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், நேரமில்லை என்று சொல்லியே பழையதைக் கைவிட்டு, கார்ன்ஃபிளேக்ஸுக்கு மாறிய வீடுகள் நம் நகரங்களில் அநேகம்.

இதற்கு மூலகாரணம் கூச்சமே என்பது என் அபிப்பிராயம். வயலுக்குப் போகிறவர்களின் உணவு என்று ஒதுக்கப்பட்டதை, விருந்தாளி எதிரே உண்ண நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. ஒடிசாவிலோ இதே உணவு ‘பகாளா’ என்ற பெயரில் பூரி ஜகந்நாதருக்கே நிவேதனமாகிறது. ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் தேதியை அதற்குரிய தினமாகவும் அம்மக்கள் கொண்டாடுகிறார்கள். வங்கதேசத்தில் புத்தாண்டுக் காலையில் ‘பாந்தா பாத்’தும் இலிஷ் மீனும் இலையேறுகின்றன. 2021இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் போட்டியின் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி என்ற பெண்மணி அந்தச் சோற்றையே நடுவர்கள் முன் வைத்தபோது, வங்காளிகள் அடைந்த ஆனந்தம் நியாயமானது.

ஆனால், வருஷத்துக்கொரு நாள் கொண்டாடுவதாலும், பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் அலங்கரித்து விற்பதாலும் ஓர் உணவு வீட்டில் நிலைத்துவிடாது. இப்போது மிஞ்சிய சோறு நேரே பிரிட்ஜுக்குப் போகிறது. அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் அடங்கிவிடுவதால், எத்தனை நேரம் வைத்திருந்தாலும் அது தண்ணீர் ஊற்றிய சோறாகவே இருக்குமேயன்றிப் பழையதாகாது. குக்கரில் குழைந்த சோற்றைவிட, கஞ்சி வடித்த புழுங்கலரிசிச் சோறே இதற்கு உகந்தது; பருக்கை கரையாமல் நிற்கும். வெக்கை மிகுந்த நாட்களில் இரவு வெகுநேரம் கழித்தே தண்ணீர் விட வேண்டும். இல்லையேல் புளிப்பு மிஞ்சிவிடும். காலையில் உப்பிட்டு, கைநிறைய அள்ளிப் பிசைந்து, கொஞ்சம் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தையோ வறுத்த மோர்மிளகாயையோ கடித்துக்கொண்டு உண்டபின், அடியில் தங்கிய நீராகாரத்தை வட்டிலோடு தூக்கிக் குடிக்கும் சுகத்தை நம் குழந்தைகள் அறியாமலே வளர்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். இரவு உலையில் இடும் அரிசியோடு இன்னும் ஒரு பிடி சேர்த்துப் போடுங்கள். முதலில் குழந்தைகளுக்குத் தயிர் கலந்து கொடுங்கள்.