கூரையில்லாத நூலகமும் அறப்பணியே

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் மத்திய அரசின் மண்டல மையமும் இருக்கின்றன. அங்கே படிப்பவர்களுக்குப் பிரெய்லுக்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பது, திரையிலுள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான். பழைய நூலை வெறும் படமாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் அது வாய் திறக்காது. படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் ஓட்டினாலோ, துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டு ‘பாட்டு’ என்பதைப் ‘பரட்டு’ ஆக்கிவிடும். யாராவது உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தியாக வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏறிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களை அப்படித்தான் தன்னார்வலர்கள் திருத்திவருகிறார்கள்.

இந்த வேலை அறப்பணியா என்று வருமான வரிச் சட்டத்தைக் கேட்டால் மென்று விழுங்குகிறது. அறப்பணித் தலைப்புகளில் கல்வியும் உண்டு. ஆனால் கன்னட நாளிதழ் நடத்திய லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில், முறைப்படி பயிற்றுவிப்பதே கல்வி, பத்திரிகை படித்து அறிவு வளர்வதெல்லாம் அதில் சேராது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில், நியூ நோபிள் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கிலும் அந்தப் பார்வையையே உறுதிசெய்தது. வகுப்பறை இல்லாத கலைக்களஞ்சியத்துக்கும் மின்நூலகத்துக்கும் ஆக மிஞ்சுவது ‘பொதுப் பயன்பாடு’ என்ற கடைசித் தலைப்புதான். அதிலும் ஒரு கொக்கி உண்டு. கட்டணம் வாங்கிச் செய்யும் பணியின் வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கு வரிவிலக்கு கிடையாது. நாலு கல்லூரிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு நூல்களை மின்னுருவாக்கித் தந்து, அதில் சர்வர் வாடகை கட்டும் சிறு அமைப்பு இதில் சுலபமாக மாட்டிக்கொள்ளும்.

பிரிட்டனிலும் இதே தகராறு நடந்தது. கலைக்களஞ்சியம் தயாரிப்பது அறப்பணி ஆகாது என்று 2009-இல் அங்குள்ள வரித் துறை கைவிரித்தது. விக்கிப்பீடியாவையும் விக்கிமூலத்தையும் வளர்க்கும் விக்கிமீடியாவின் பிரிட்டன் கிளையினர் விடவில்லை. 2011 நவம்பரில் அறக்கட்டளை ஆணையம் பதிவு தந்தது. அதே 2011-இல் பெங்களூரில் பதிவான விக்கிமீடியா இந்தியா கிளையின் கதை வேறு. 2019-இல் அது தாய் அமைப்பின் அங்கீகாரத்தை இழந்தது. அறநிறுவனத்துக்குரிய அரசு உரிமம் கிடைக்காதது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அறிக்கை தருவதில் கிளையும் பின்தங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அடங்கிய நம் பகுதிக்கு என்ன நஷ்டம்? அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி ஓரளவு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் நிறுவனம், லாபச் சராசரியில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். பொது நூலகம் அமைப்பது அந்தப் பணிகளின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் 2021 முதல், அறக்கட்டளைகள் அந்தப் பணத்தை வாங்க வரிவிலக்குப் பதிவும் நன்கொடை வரிச்சலுகைக்கான 80ஜி சான்றும் கட்டாயம். சான்று இல்லாத மின்நூலகத்தைக் கணக்குப்பிள்ளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். பணம் வழக்கம்போல் பெஞ்சுக்கும் குடிநீர் இயந்திரத்துக்கும் போகும். அவையும் தேவைதான்; ஆனால் ஆவடியில் ஒரு முறை திருத்தி ஏற்றிய நூலை யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் காசில்லாமல் படிக்கலாம்.

கதவைத் திறந்தால் போலி அறக்கட்டளைகள் நுழைந்துவிடும் என்று அதிகாரிகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நன்கொடை ரசீதை வைத்துக் கறுப்பை வெள்ளையாக்குகிறவர்களை நாடறியும். அதற்கு நிபந்தனை போடட்டும். உள்ளடக்கம் திறந்த உரிமத்தில் இருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, வரவு செலவு பொதுவெளியில் இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் திருத்த வரலாறு பதிவாகும் வேலையில் பொய்க்கணக்கு எழுதுவது கடினம். நோட்டுப் புத்தகம் வழங்கியதாக எழுதுவதுதான் எளிது.

2015-இல் நாடாளுமன்றம் அறப்பணி வரையறையில் ‘யோகா’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. அத்தோடு அது தனித் தலைப்பாகி, 20 விழுக்காட்டுக் கொக்கியிலிருந்தும் தப்பியது. கட்டணமற்ற திறந்த அறிவுக் களஞ்சியத்துக்கும் அப்படியொரு வரி போதும். அம்பத்தூர் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர், ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் ஆகிய இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் அடுத்த நிதி மசோதாவில் இதற்கான திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்.