க்வாட்ராஜெட்டுக்காக ஒரு வக்காலத்து



பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் ராச்செஸ்டர் க்வாட்ராஜெட் மீது ஒரு வசவு வந்து விழும். "அதைக் கழற்றி எறி, வேறு மாட்டு" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1965-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஏறிய இந்த நாலு பேரல் கார்புரேட்டர் 1990 வரை புதுக் கார்களில் வந்துகொண்டிருந்தது. உதவாத சாமானை ஒரு கம்பெனி இருபத்தைந்து வருஷம் கட்டிக்கொண்டு அழாது.

அதன் அமைப்பைப் பாருங்கள். முன்னால் இருக்கும் இரண்டு பேரலும் சின்னவை, 1⅜ அங்குலம். பின்னால் இருப்பவை 2¼ அங்குலம். ஊருக்குள் ஓட்டும்போது முன்னவை மட்டும் வேலை செய்யும், பெட்ரோல் மிச்சம். ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால்தான் பின்னவை திறக்கும். அப்போதும் அவற்றின் மேல் ஒரு தகடு காவல் இருக்கிறது. எஞ்சின் இழுக்கிற அளவுக்கு மட்டுமே காற்றை விடும். அதனால்தான் 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 750 கன அடி) கொள்ளளவு இருந்தும் சிறிய வி8 எஞ்சினோடுகூட ஒத்துப்போகிறது. இந்தக் காவல் இல்லாத கார்புரேட்டராக இருந்தால் அளவில் கவனம் வேண்டும். 350 கன அங்குல எஞ்சின் 5,500 ஆர்பிஎம்மில் முழுக்க மூச்செடுத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 557 கன அடி காற்றுதான் கேட்கும். பெரிதாக மாட்டினால் பிக்கப் கூடும் என்பது வீண் ஆசை.

க்வாட்ராஜெட்டின் கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் ஸ்பானர் பிடித்த கைகள்தான். கார்புரேட்டரை எஞ்சினோடு பிடிக்கும் நாலு போல்ட்டில், முன்பக்கத்து நீள போல்ட் இரண்டும் மேல்மூடி வழியாகவே இறங்குகின்றன. பலத்தைக் காட்டி முறுக்கினால் மூடி வளைந்துவிடும். பிறகு உள்ளே எதுவும் சரியாக உட்காராது. அடியில் புது கேஸ்கெட் வைத்து, நாலு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். உண்மையான குறை ஒன்றும் உண்டு. உடலின் அடியில் இருக்கும் அடைப்புகள் வழியாகப் பெட்ரோல் கசியும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்பும். எபாக்ஸி பூசினால் தீர்ந்தது.

ட்யூனிங்குக்கு வருவோம். பிளக், டைமிங் சரியாக இருக்கிறதா, எங்கேயாவது ஏர் லீக் உண்டா என்று பார்த்த பிறகே மிக்ஸ்சர் ஸ்க்ரூவில் கை வையுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூவையும் மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருப்பி, இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி, இரு பக்கமும் மாறி மாறிக் கால் சுற்றாகத் திருப்பினால், முள் மேலே ஏறி ஆடாமல் நிற்கும் ஓர் இடம் கிடைக்கும். ஐடிலிங்கைக் குறைத்து மறுபடி ஒருமுறை. கேம் மாற்றாத எஞ்சின் என்றால் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். 5,280 அடி உயரத்து டென்வரில் ஐந்து அங்குலம் போலக் குறைவாகத்தான் காட்டும். எஞ்சின் போச்சு என்று அங்கே யாரும் பதற வேண்டாம்.

இதழின் உள்ளே படிப்படியான விளக்கம் இருக்கிறது. வீட்டில் முயன்று பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் எஞ்சின் ஆறட்டும், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்