ரெண்டு டிஸ்க் இருந்தா பேக்கப்பா? போங்கய்யா!

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது திட்டுற பதிவு. மூணு பேரைத் திட்டப் போறேன். பொட்டி விக்கறவன், செத்த பொட்டியிலிருந்து டேட்டா எடுத்துத் தர்றேன்னு கடை போட்டிருக்கறவன், மூணாவது நான். நான்னா நான் மட்டும் இல்லை. ஊரை விட்டு வந்து, பொட்டி தட்டிச் சம்பாதிச்சு, "குடும்பத்து போட்டோ எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு"ன்னு பெருமை பேசிட்டுத் திரியற அத்தனை பேரும். இதைப் படிக்கற உங்கள்ல பாதிப் பேராவது இதுல அடக்கம்.

கதை இதுதான். 2014-ல மயூர் விஹார் வீட்டுல ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பொட்டி வாங்கி வெச்சேன். உள்ளே ரெண்டு டிஸ்க், ஒவ்வொண்ணும் 2 டிபி. ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதப்படும், கண்ணாடி பிம்பம் மாதிரி. ரெய்ட் 1-ன்னு பேர். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும் சார், கவலையே வேணாம்"னு சொல்லித்தான் கடைக்காரர் தலையில கட்டினார். கவலையே படாம டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி சொருகிட்டு மறந்துட்டேன்.

அதோட விட்டேனா? மன்னார்குடியில இருக்கற அக்காவுக்கு போன் போட்டு, "ஆல்பத்தை எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பு, கல்யாண கேசட்டை எல்லாம் டிஜிட்டல் பண்ணிக்கலாம், அங்க சும்மா கரையான் அரிக்குது"ன்னு உபதேசம் வேற. 2021 லாக்டவுன்ல அக்கா இன்னொரு காரியம் பண்ணினாள். சாயங்காலம் திண்ணையில உக்கார வெச்சு அப்பாவைப் பேசவிட்டு, போன்ல பதிவு பண்ணினாள். மொத்தம் 41 பதிவு. தாத்தா வயல் வித்த கதை, அப்பா முதல் வேலைக்குப் போன கதை, 1977 நவம்பர் புயல்ல நாகப்பட்டினத்துல மாட்டிக்கிட்ட கதை. எல்லாத்தையும் என் பொட்டிக்கு ஏத்தினேன். "உன் போன்ல இருக்கறதை அழிச்சுடு, இடம் அடைக்கும்"னு நானே சொன்னேன். அடுத்த வருஷம் அப்பா போயிட்டார்.

2024 ஜூன். தில்லி வெயில் உங்களுக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு தடவை கரண்ட் போய்ப் போய் வந்துது. காலையில பொட்டியில விளக்கு எரியலை. அடாப்டர் போயிருக்கும்னு வேற ஒண்ணு மாட்டிப் பார்த்தேன். ம்ஹூம். போர்டே போயிடுச்சு.

சரி, டிஸ்க்கை வெளியே எடுத்து லேப்டாப்புல சொருகினா ஃபைல் தெரியப் போகுதுன்னு ஒரு யுஎஸ்பி டாக் வாங்கி மாட்டினேன். விண்டோஸ் என்ன சொல்லுச்சு தெரியுமா? "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மேட் பண்ணணும். பண்ணட்டுமா?" ரொம்ப மரியாதையாக் கேக்கும். ஓகேவைத் தட்டினீங்கன்னா முடிஞ்சுது கதை. டிஸ்க்குல ஒரு கோளாறும் இருக்காது. வீட்டு உபயோகத்துக்கு விக்கற இந்தப் பொட்டிகள்ல பெரும்பாலானதுக்குள்ளே ஓடறது லினக்ஸ்தான். அதோட ஃபைல் சிஸ்டத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாததை எல்லாம் அழிச்சுடட்டுமான்னு கேக்கற ஒரே ஜென்மம் இதுதான்.

பயந்து போய், ரெண்டு டிஸ்க்கையும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, லாஜ்பத் நகர்ல மெட்ரோ மாறி நேரு பிளேஸ் போனேன். அங்க மாடிக்கு மாடி ரெக்கவரி கடை. நான் போன கடையில கேட்ட முதல் கேள்வி, "டிஸ்க்குல சத்தம் வருதா?" இல்லை. "பொட்டி எந்த மாடல்?" அதுவும் இல்லை. "டேட்டா மே க்யா ஹை சார்?" உள்ளே என்ன இருக்கு?

ஆபீஸ் ஃபைல்தான்னு சொன்னேன். பன்னெண்டாயிரம் ஆகும்னார். "அப்பாவோட குரலும் இருக்கு, அவர் இப்ப இல்லை"ன்னு வாய் தவறி உளறிட்டேன். முகத்தை சோகமா வெச்சுக்கிட்டு உள்ளே போய் வந்தவர், "ரெய்ட் கேஸ் சார், க்ளீன் ரூம்ல பண்ணணும், முப்பத்தெட்டாயிரம்"னார். இந்த அஞ்சு நிமிஷத்துல டிஸ்க் மாறலை. என் துக்கம் எவ்வளவுன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சுது.

க்ளீன் ரூம் எதுக்குன்னா, டிஸ்க்கோட மூடியைத் திறந்து ஹெட் மாத்தணும்னா வேணும். உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் தட்டு கீறிடும். என் டிஸ்க் ரெண்டும் நல்லா சுத்திக்கிட்டு இருந்துது. செத்தது பொட்டி. பொட்டி சாவு வேற, டிஸ்க் சாவு வேற. இந்த ஒரு வித்தியாசத்தை அந்தக் கடையில யாரும் வாய் திறந்து சொல்லலை. டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு கிடந்துது. அதுல உபுண்டுவை ஒரு பென் டிரைவ்லேருந்து பூட் பண்ணினேன். ஹார்ட் டிஸ்க்குல எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ரெய்ட் டிஸ்க்கைப் படிக்கறதுக்கு லினக்ஸ்ல எம்.டி.ஏ.டி.எம்-னு ஒரு கட்டளை இருக்கு, இலவசம். டிஸ்க்குல எதையும் எழுதாம, சும்மா ஜாதகம் பார்க்கற மாதிரி பார்க்கலாம். பார்த்தேன். தூக்கி வாரிப் போட்டுது.

ஒரு டிஸ்க்குல கடைசியா எழுதின தேதி 2024 ஜூன். இன்னொண்ணுல 2019.

புரியுதா? அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு டிஸ்க் கூட்டணியிலேருந்து கழண்டுக்கிச்சு. பொட்டி ஒத்தை டிஸ்க்குலயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிருக்கும், சுவரைப் பார்த்து. மெயிலும் அனுப்பியிருக்கும், நான் எப்பவோ விட்டுட்டு வந்த பழைய கம்பெனி மெயில் ஐடிக்கு. ரெண்டு டிஸ்க் இருக்குன்னு நான் நிம்மதியாத் தூங்கின அஞ்சு வருஷமும் இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்த அஞ்சு வருஷத்துலதான் அப்பாவோட 41 பதிவும் வருது.

பழைய டிஸ்க்கை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்தேன். 2019 வரைக்கும் எல்லாம் பத்திரம். அக்கா கல்யாணம், பையன் தவழ்ந்தது, எல்லாம். புது டிஸ்க்குல அங்கங்கே செக்டர் கெட்டுப்போயிருந்துது. கெட்டுப்போன டிஸ்க்குலேருந்து நேரடியா காப்பி பண்ணக்கூடாது. ஒரே இடத்துல முட்டி முட்டி, இருக்கற உயிரும் போயிடும். டிடிரெஸ்க்யூன்னு ஒரு மென்பொருள், அதுவும் இலவசம். முதல்ல சுலபமாப் படிக்க முடியறதை எல்லாம் வேற டிஸ்க்குக்கு எடுத்துடும், முரண்டு பண்ற இடத்துக்குக் கடைசியாத் திரும்ப வரும். எது வரைக்கும் ஆச்சுன்னு குறிச்சு வெச்சுக்கறதால நடுவுல நிறுத்தி மறுபடி தொடரலாம். புதுசா ஒரு 4 டிபி டிஸ்க் வாங்கி, ஒரு பகல் ரெண்டு ராத்திரி ஓட விட்டேன். தங்கமணி டேபிள் ஃபேனை டிஸ்க்குக்குக் குடுத்துட்டு வேர்வையில தூங்கினாள். அப்புறம் அந்தப் பிரதியைத்தான் திறந்தேன், அசலைத் தொடவே இல்லை.

அப்பாவோட பதிவு 41-ல 38 வந்துது. மூணு திறக்கவே இல்லை.

அக்காவுக்கு போன் போட்டேன். சொல்லவே நாக்கு எழலை. அவள் கேட்டுட்டு, "இருடா தம்பி, பெரியம்மாவுக்கு வாட்ஸப்ல சிலது அனுப்பினேன். நீ அழிக்கச் சொன்னே, நான் அழிக்கலை"ன்னாள். ரெண்டு கிடைச்சுது. மூணாவது, புயல் கதை. அது எங்கயும் இல்லை. அந்தக் கதை எங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடம். அப்பா சொல்லித்தான் கேக்க முடியாது.

இப்ப திட்டு.

பொட்டி விக்கறவரே, ரெய்டுங்கறது பேக்கப் இல்லை. 1988-ல கலிபோர்னியாவில பெர்க்லி பல்கலைக்கழகத்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையிலதான் அந்தப் பேரே பிரபலமாச்சு. விலை குறைஞ்ச சின்ன டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்து, ஒண்ணு போனாலும் வேலை நிக்காம ஓட்டறதுக்கான யோசனை அது. வேலை நிக்காம இருக்கறது வேற, பொருள் போகாம இருக்கறது வேற. பையன் தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்க்குலயும் அதே நொடியில அழியும். வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும். கரண்ட் அடிச்சா, திருடன் தூக்கிட்டுப் போனா, ரெண்டும் சேர்ந்துதான் போகும். ஒரே வீட்டுல ஒரே பொட்டியில இருக்கறது எத்தனை டிஸ்க்கா இருந்தாலும் ஒரு பிரதிதான். இதை அட்டைப் பெட்டி மேல கொட்டை எழுத்துல அச்சடிக்க உங்களுக்கு என்ன கேடு?

ரெக்கவரி கடைக்காரரே, உங்க தொழில் நல்ல தொழில். டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டா நானே சொல்வேன், உடனே கரண்டைப் பிடுங்கு, வீட்டுல நோண்டாதே, தெரிஞ்சவன்கிட்ட குடுன்னு. ஆனா வியாதியைப் பார்த்து விலை சொல்லுங்க. வீட்டுல இழவு விழுந்ததான்னு கேட்டு விலை சொல்லாதீங்க.

மூணாவது நாம. "கூகுள்ல போட்டுட்டேன், எனக்கென்ன"ன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது. கூகுள் போட்டோஸ்ல அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சுது. ரெண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை அழிக்கலாம்னு 2023-ல அவங்க விதியே கொண்டு வந்தாச்சு. செத்துப்போனவர் லாகின் பண்ண மாட்டார். மேகத்துல ஒரு பிரதி நல்லதுதான், வேணாம்னு சொல்லலை. அது ஒண்ணு, அவ்வளவுதான்.

என் தப்பு டிஸ்க் வாங்கினதுல இல்லை. குடும்பத்துல எல்லார்கிட்டயும் இருந்ததைப் பிடுங்கி ஒரு இடத்துல குவிச்சதுல. அக்கா போன்லயும், பெரியம்மா வாட்ஸப்லயும், சித்தப்பா பீரோவுலயும் ஒழுங்கில்லாம சிதறிக் கிடந்ததை, நான் பெரிய இஞ்சினியர் மாதிரி ஒழுங்கு பண்ணினேன். என் ஒழுங்கு மூணு பதிவைத் தொலைச்சுது. அக்காவோட ஒழுங்கின்மை ரெண்டைத் திருப்பிக் குடுத்துது.

மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வெளியூர்லன்னு ஒரு விதி சொல்வாங்க. பீட்டர் க்ரோன்னு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருத்தர் பரப்பினது. இந்த வெளியூருக்குத்தான் கம்பெனிகள் கோடிக்கணக்குல செலவு பண்ணுது. நமக்கு? பொறந்த ஊர்னு ஒண்ணு, பொழைக்கற ஊர்னு ஒண்ணு. ஊரை விட்டு வந்துட்டோமேன்னு மூக்கால அழுது எத்தனை பதிவு போட்டிருப்போம்! அதுல கிடைச்ச ஒரே லாபத்தைப் பயன்படுத்தத் தெரியலை.

இப்ப என்ன பண்றேன்னா, பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு டிஸ்க் எடுத்துட்டுப் போய் அக்கா பீரோவுல வெச்சுட்டு, அங்க இருக்கற பழசை எடுத்துட்டு வரேன். வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஃபைலையாவது திறந்து பார்க்கறேன். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் இல்லை. பூட்டு போட்டிருந்தா பாஸ்வேர்டு அக்காவுக்கும் தெரியும், தங்கமணிக்கும் தெரியும்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க பொட்டியை சுவர்ப்பக்கத்துலேருந்து திருப்பி, விளக்கு என்ன கலர்ல எரியுதுன்னு பாருங்க. எச்சரிக்கை மெயில் எந்த ஐடிக்குப் போகுதுன்னு பாருங்க. அப்புறம் ஊருக்கு ஒரு போன் போடுங்க. "எதையும் அழிக்காதே"ன்னு சொல்லுங்க.

பி.கு: புயல் கதையை அக்கா தன் குரல்ல சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கா. நடுவுல அப்பா இருமற இடத்துல அவளும் இருமறா. அது இப்ப நாலு இடத்துல இருக்கு.