வாக்குத்தத்த அட்டையும் பாபிலோனுக்குப் போன கடிதமும்

தியானப் பகுதி: எரேமியா 28, 29 அதிகாரங்கள்



டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டைத் தாண்டியதும் நம் சபைகளில் ஒரு தட்டு வலம் வருகிறது. அதில் கவிழ்த்து வைக்கப்பட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்றை எடுக்கிறோம். பெருக்கம், உயர்வு, எல்லை விரிவு என்று வந்துவிட்டால் முகம் மலர்கிறது. பொறுமையையோ பாடுகளையோ பற்றிய வசனம் வந்தால், இன்னொன்று எடுக்கலாமா என்று கை தவிக்கிறது. சில மேடைகளில் முழு ஆண்டுக்கே பெயர் சூட்டிவிடுகிறார்கள்: இரட்டிப்பின் ஆண்டு, திறந்த வாசலின் ஆண்டு. சென்ற ஆண்டுக்குச் சூட்டிய பெயர் என்னவாயிற்று என்று கேட்பாரில்லை.

இந்த மனப்பான்மையை நான் எதிர்க்கிறேன். குற்றம் வசனத்தில் இல்லை. வசனத்தைக் குலுக்கல் சீட்டாக்கிய நம்மிடத்தில் இருக்கிறது. ஆண்டின் முதல் மணி நேரத்திலேயே, இனி என்ன கிடைக்கும் என்று கைநீட்டக் கற்றுத்தரும் சபை, ஏற்கெனவே கிடைத்திருப்பதைக் காணும் கண்ணை மங்கச் செய்கிறது. நன்றி மறந்த நெஞ்சிலிருந்து எழும் விசுவாசம், விசுவாசமன்று. அது பேராசைக்குப் போர்த்திய வெள்ளாடை.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் வசனம் எரேமியா 29:11. நம்மைக் குறித்துத் தேவன் கொண்டிருக்கும் சமாதானமான நினைவுகளைப் பற்றியது அது. அதற்கு முந்தின வசனம் எந்த அட்டையிலாவது அச்சாகி நீங்கள் கண்டதுண்டா? அது எழுபது ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துப் போன மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்ட முதியோர் எவரும் திரும்பி வரப்போவதில்லை. ஆயினும் தீர்க்கதரிசி அவர்களிடம் சொன்னவை என்ன? இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைப் புசியுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைகொண்ட நகரத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள். கையிலிருக்கும் மண்ணையும் மழையையும் பிள்ளைகளையும் தேவன் தந்த ஈவாக ஏற்கச் சொல்லும் கடிதம் அது. நாமோ ஒரு வரியை மட்டும் கத்தரித்து, தங்க எழுத்தில் அச்சிட்டு, மற்றதைக் குப்பையில் போட்டுவிட்டோம்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். அவன் பெயர் அனனியா. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில், ஆசாரியர் முன்பாக, சகல ஜனங்களும் கேட்க அவன் முழங்கினான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எடுத்து முறித்தும் காட்டினான். ஜனங்கள் எத்தனை மகிழ்ந்திருப்பார்கள்! அந்த ஆண்டு முடிவதற்குள் அனனியா மரித்துப்போனான். மர நுகத்தின் இடத்தில் இரும்பு நுகம் வந்தது. இன்று ஆண்டுதோறும் நம் மேடைகளில் நின்று பேசுவது எரேமியாவா, அனனியாவா? நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொராவிய சகோதரர்களும் வசனங்களைத் தெரிந்தெடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள். 1728-இல் சின்சென்டார்ஃப் பிரபு தொடங்கிய வழக்கம் அது. ஆனால் அவர்கள் பகிர்ந்தது அன்றன்றைக்கான வசனம். ஒருவர் அதை வீடு வீடாய்க் கொண்டுபோனார். போன இடத்தில் அந்த வீட்டாரின் சுகதுக்கத்தையும் விசாரித்தார். வசனம் அண்டை வீட்டுக் கதவைத் தட்டியது. நம்முடைய அட்டையோ பணப்பைக்குள் போய் அடங்கிவிடுகிறது.

சைதாப்பேட்டையில் வாழ்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தை மறந்தவர் இங்கே யார்? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து, அரசு அறிவித்த கணக்கின்படியே, விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு தெருக்களுக்குள் புகுந்தது. குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், தையல் இயந்திரம், வேதாகமம் என எல்லாம் சேறாயின. ஒரு மாதம் முடிவதற்குள் 2016 பிறந்தது. அந்தப் புத்தாண்டில் உலர்ந்த பாயும், கொதித்து ஆறிய ஒரு குடம் தண்ணீரும், பிழைத்திருந்த அண்டை வீட்டாரின் குரலும் எவ்வளவு பெரிய ஆசீர்வாதங்கள் என்பதை நமக்கு யாரும் பிரசங்கிக்க வேண்டியிருக்கவில்லை. அவை 2015 நவம்பரிலும் நம்மிடம் இருந்தன. அப்போது நாம் அவற்றை எண்ணவில்லை.

“அப்படியானால் ஏழையைப் பார்த்து, இருப்பதோடு திருப்தியாயிரு என்கிறீரா?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, தங்கள் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் தொலைவான பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அவர்களிடம் போய், மாடி வீடு கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று உபதேசிப்பவன் நன்றியைப் போதிக்கவில்லை; அநீதிக்குத் துணைபோகிறான். பசித்தவனுக்கு ஒன்றும் கொடாமல், சமாதானத்தோடே போ என்று வாழ்த்தி அனுப்புகிறவனை யாக்கோபு கடிந்துகொண்டது இதற்காகவே. போதுமென்ற மனம் நான் எனக்கு இட்டுக்கொள்ளும் எல்லை. பிறனுடைய வாயை அடைக்கும் பூட்டு அல்ல. எனக்குப் போதும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கே, அவனுக்குப் போதாது என்பது கண்ணில் படும்.

நன்றி என்பது வெறும் உணர்ச்சியுமன்று. 1726-இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலத்துக்கு முன்னோடி அது. அவர் கட்டியதோடு நிற்கவில்லை. அதைப் பராமரிப்பதற்கும் தனியே நிதி ஒதுக்கி வைத்தார். புதியதைக் கட்டுகிறவருக்குக் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. இருப்பதைப் பழுதுபார்த்துக் காப்பதே நன்றியின் உண்மையான வடிவம். உங்கள் மணவாழ்க்கைக்கு, வயதான பெற்றோருக்கு, பழைய நண்பனுக்கு, பத்துப் பேர் மட்டுமே வரும் உங்கள் சபையின் வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கு இந்த ஆண்டு என்ன ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?

ஆகையால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வாக்குத்தத்த அட்டையை வேதாகமத்தில் வையுங்கள். ஆனால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்த பின் வையுங்கள். பிறகு ஒரு தாளில், சென்ற ஆண்டு கேளாமலே பெற்றவற்றை எழுதுங்கள். பொருள்களை அல்ல, ஆட்களை முதலில் எழுதுங்கள். அதிகாலையில் உங்கள் தெருவைக் கூட்டியவரின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால், அதைக் கேட்டறிந்து எழுதுங்கள். அந்தப் பட்டியல் முடியும் வரையில் புதிதாய் எதையும் கேளாதிருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நீர் தந்ததைக் காணாமல் தராததையே எண்ணும் எங்கள் கண்களைத் திறந்தருளும். பெற்றதைக் காக்கவும், பெறாதவரோடு பகிரவும் எங்களுக்குக் கற்பியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.