ஒரே சட்டை வேண்டாம், ஒரு ஓலைத்தொப்பி போதும்

பட்ச் ட்ரிப் என்று முடிவானதும் எங்கட வட்ஸ்அப் குறூப்பில் வருகிற முதல் கேள்வி பஸ் எத்தனை மணிக்கு என்பதில்லை. "என்ன கலர் போடுறம்?" என்பதுதான். இந்த முறையும் அப்படித்தான். ஹங்வெல்லப் பக்கம் இருக்கிற லீஷர் வேர்ல்டுக்குப் போவதென்று முடிவு. பத்து நிமிடத்தில் யாரோ ஒருத்தி ஒரு படத்தைப் போட்டாள். ஏழெட்டுப் பெட்டையள், எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, காதில் பெரிய சிவப்புத் தோடு, பின்னால் ராட்டினம். நாங்கள் எல்லாரும் ஹார்ட் போட்டம். திருநெல்வேலியில் தைக்கிற அக்காவிடம் அளவு கொடுக்க எப்ப போறது என்றுகூடக் கதைச்சாச்சு.

அடுத்த நாள் எங்களில் ஒருத்தி, "நான் வரேல்லையடி, வீட்டில அலுவல் இருக்கு" என்றாள்.

அந்த அலுவல் என்னவென்று எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. துணி, தையற்கூலி, தோடு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 6,000 ரூபாய்க்கு மேல் வந்திருந்தது. பஸ் காசும் நுழைவுச் சீட்டும் வேறு. மகாபொலக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள். அந்தக் காசில் அறை வாடகையும் சாப்பாடும் போட்டோகொப்பியும் பார்க்கிற பிள்ளைக்கு, ஒரு பகல் போடப்போகிற சட்டைக்கு ஏறக்குறைய ஒரு மாதக் காசு போகிறது. அவள் கணக்குப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பார்க்கவில்லை.

இதை எழுதுவது அதனால்தான். ட்ரிப்புக்கு எல்லாரும் ஒரே உடுப்புத் தைக்கிற பழக்கத்தை விடவேண்டும் என்பது எங்கட கருத்து. பொதுவாக ஒரு பொருள் இருந்தால் போதும். மிச்சம் அவரவர் அலுமாரிக்குள் இருப்பது.

ஒரே மாதிரி உடுப்பதில் சந்தோசம் இல்லையென்று நாங்கள் பொய் சொல்ல மாட்டம். கலியாண வீட்டில், சாமத்திய வீட்டில் ஒரே சாறியில் நிற்கிற மச்சாள்மாரைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். 'நாங்கள் இவையின்ர ஆக்கள்' என்று ஊருக்குச் சொல்கிற விதம் அது. ஆனால் கலியாண வீட்டில் அந்தச் சாறியைப் பெரும்பாலும் வீட்டுக்காரரே எடுத்துத் தருவினம். ட்ரிப்புக்கு ஆர் எடுத்துத் தாறது? செலவை ஒவ்வொருத்தரின் தலையிலும் போட்டுவிட்டு 'ஒற்றுமை' என்று சொல்கிறோம். காசில்லாதவள் ஒற்றுமைக்கு வெளியே நிற்கிறாள், அதுவும் காரணம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு.

உடுப்பைப் பொருத்துகிற கலையை உலகத்துக்கே பரப்பிய இடம் டிஸ்னி பூங்காக்கள். 1955 இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்த காலத்திலிருந்து அங்கு போனதற்கு அடையாளம் மிக்கி மவுசின் இரண்டு காதுகள்தான். அந்தக் காது வைத்த தொப்பியைத் தலையில் போட்டால் கீழே என்ன உடுத்திருந்தாலும் ஆள் அந்தக் கூட்டத்தில் ஒன்று. 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கதாபாத்திர வேடம் போட்டுக்கொண்டு வர அங்கு அனுமதியில்லை. அதனால் வளர்ந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். சாதாரண உடுப்பையே ஒரு பாத்திரத்தின் நிறங்களுக்குப் பொருத்துவது. மஞ்சள் பாவாடை, நீல மேற்சட்டை, தலையில் சிவப்புப் பட்டி என்றால் ஸ்னோவைட். லெஸ்லி கே என்ற கனடாக்காரி 2011 இல் தொடங்கிய வலைப்பதிவால் இதற்கு 'டிஸ்னிபவுண்டிங்' என்று பெயரே வந்துவிட்டது. எங்களுக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். கடைக்குப் போவதற்கு முதல் அலுமாரியைத் திறக்கச் சொல்கிறது.

சரி, எங்களுக்கு மிக்கி காது எதற்கு? "பனையோலைத் தொப்பி போடுவம்" என்று ஒருத்தி சொன்னபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அப்ப கடகத்தையும் காவிக்கொண்டு வாவன்" என்று பதில் போனது. பிறகு யோசித்தோம். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கியது. கற்பகம் கடைக்குள் போனால் தொப்பி, பை, பெட்டி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மாமிமார்தான் அதை வாங்குவது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். குருத்தோலையை வெட்டி, காயவைத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து, ஒரு ஆள் இருந்து இழைக்கிற வேலை அது. நிறமில்லாத ஓலைத்தொப்பியின் வெளிர்மஞ்சள் எந்தத் தோலுக்கும் எந்தத் துணிக்கும் எடுக்கும். ஒரு தொப்பியின் விலை, புதுச்சட்டை தைக்கிற காசில் சிறு பங்குதான்.

எங்கட பட்சில் ஹிஜாப் போடுகிற தோழிகள் இருக்கிறார்கள். முழங்காலோடு நிற்கிற மஞ்சள் சட்டையை முடிவெடுத்தபோது அவையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. தொப்பி ஹிஜாப்புக்கு மேலேயும் இருக்கும். பெடியளும் போடலாம். சட்டைக்கு இந்த வசதி இல்லை.

நிறம் பொருத்துவதற்கு நாங்கள் வைத்தது ஒரே விதி: மண், இலை, கடல். அதாவது கபிலம், பச்சை, நீலம். இந்த மூன்றில் ஒன்று எல்லாரிடமும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பஞ்சாபியோ, டெனிமோ, அண்ணாவின் ரீசேட்டோ, அது அவரவர் விருப்பம். தொப்பிதான் கண்ணில் படவேண்டிய சாமான் என்றால் உடுப்பு வெறுமையாக இருக்கவேண்டும். பெரிய பூப்போட்ட சட்டையும் தொப்பியும் பெரிய தோடும் சேர்ந்தால் படத்தில் எதைப் பார்ப்பது என்றே தெரியாது.

வடிவை விட முக்கியமான விசயங்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து போகிறோம். கசங்குகிற துணி விடியும்போது கசங்கியே நிற்கும். தண்ணீருக்குள் இறங்குகிற இடத்துக்கு வெள்ளையும் மெல்லிய துணியும் சரிவராது. பருத்தி நனைந்தால் பாரமாகும், காய நேரமெடுக்கும். தண்ணீருக்கு இறங்க வேறு உடுப்பு வேண்டும். சோல், நீளச் சங்கிலி, தொங்குகிற தோடு எதுவும் சுற்றுகிற சாமானில் ஏறும்போது உடம்பில் இருக்கக்கூடாது. இசடோரா டங்கன் என்ற பெயர்பெற்ற நடனக்காரி 1927 இல் பிரான்சின் நீஸ் நகரில் செத்தது, அவரின் நீளமான கழுத்துத்துணி கார்ச் சில்லுக்குள் சிக்கியதால். ஸ்கூட்டியில் போகும்போது "தங்கச்சி, சோல் சில்லுக்க போகுது" என்று றோட்டில் சத்தம்போட்டுச் சொல்கிற அந்த முகம் தெரியாத அண்ணையை இங்கே நன்றியோடு நினைக்கிறோம். தொப்பியும் அப்படித்தான். ராட்டினத்தில் ஏற முதல் கழற்றி, கீழே நிற்கிற ஒருத்தியிடம் கொடுக்கவேண்டும். ஈரத்தில் விட்டால் ஓலை பூஞ்சணம் பிடிக்கும்.

"அப்ப தொப்பிக்கும் காசுதானே?" என்று கேட்கலாம். கேட்டார்கள். அதனால் தொப்பிக் காசைத் தனியாகச் சேர்க்கவில்லை. பஸ் காசுக்குள் போட்டு ஒரே தொகையாகச் சொன்னோம். கட்டக் கஷ்டமான ஆக்கள் பட்ச் பொருளாளரிடம் தனியாகச் சொன்னால் போதும், பகுதி பகுதியாகக் கட்டலாம். குறூப்பில் ஒருத்தரின் பெயரும் வராது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் தொப்பியும் இன்னொரு மஞ்சள் சட்டைதான்.

அவளுக்கு இதைச் சொன்னபோது உடனே ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிபோல் ஒரு படம் அனுப்பினாள். கொடியில் காய்கிற கபில நிறப் பஞ்சாபி. "இது பழசு, பரவாயில்லையோ?"

உங்கட குறூப்பிலும் அடுத்த ட்ரிப் கதை தொடங்கும். "என்ன கலர் போடுறம்?" என்று கேட்க முதல், "எல்லாரிட்டயும் என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கோ.