கையோடு வரும் செல்வம்



2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப் அன்றைய தினம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. வடிகாலைச் சீராக்கி வெள்ளத்தைத் தடுக்கவேண்டும் என்ற காரணத்தினால் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி அது நடந்தது. ஏறத்தாழ 370 குடியிருப்புகள் அங்கே இருந்தன. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மாத்திரமே முதலில் நரேலாவில் மாற்று வீட்டிற்குத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன்பு பிழைப்பைத் தேடித் தமிழகத்திலிருந்து வந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் சமைத்தும் துலக்கியும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள்.

அந்தக் காலைப்பொழுதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கட்டில், பாத்திரம், பீரோ, பள்ளிப் புத்தகம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு தெருவில் நிற்கும் நேரத்தில், எந்த உத்தரவாலும் நம்மிடமிருந்து பிரிக்கமுடியாதது என்று நாம் எதைச் சொல்லமுடியும்? நம் கைகளும் அறிவும் ஆண்டுக்கணக்கில் பழகிக்கொண்ட திறமை ஒன்றுதான் அது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். திறமை வீட்டிற்கு ஈடாகாது. ஜங்புராவில் நன்றாகச் சமைத்துப் பேரெடுத்த சகோதரி, ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் குடியேறியபின் அதே அடுப்படிக்கு அதிகாலையில் எப்படி வந்து சேருவாள்? வீடு கேட்பது அவர்களுடைய நியாயம். ஆனாலும் அந்தச் சகோதரியின் கேள்வியே நமக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தருகிறது. ஒரே தெருவை நம்பியிருக்கும் வேலை வேறு. போகும் இடமெல்லாம் கூடவே வரும் தேர்ச்சி வேறு.

"இருபது வருஷமாக இதே வேலையைத்தானே செய்கிறேன், எனக்குத் தேர்ச்சி இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நெடுநாள் செய்வது மாத்திரம் தேர்ச்சியாகிவிடாது. ஓரளவு கைவந்தபின் நாம் யோசியாமலே செய்யத் தொடங்குகிறோம். அதோடு வளர்ச்சி நின்றுபோகிறது. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய உடனுழைப்பாளரும் பெர்லினில் வயலின் பயிலும் மாணவர்களை ஆராய்ந்தார்கள். மிகச் சிறந்தவர்கள் 18 வயதிற்குள் சராசரியாக ஏறக்குறைய 7,400 மணிநேரம் தனித்திருந்து பயின்றிருந்தார்கள். இசை ஆசிரியராகப் போகிறவர்களுக்கோ அது 3,400 மணிநேரமாகவே இருந்தது. மணிக்கணக்கோடு பயிற்சியின் விதத்தையும் எரிக்சன் வலியுறுத்தினார். தன்னிடமுள்ள குறை எது என்று கண்டு, அந்த ஒன்றையே திரும்பத் திரும்பத் திருத்துவதுதான் பயிற்சி என்றார். பயிற்சியே எல்லாம் என்று சொல்லிவிடவும் கூடாது. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கே பயிற்சியினால் வந்தது என்று தெரிந்தது. ஆகையால் அயலானுடைய தாலந்தோடு உங்களுடையதை ஒப்பிடாதிருங்கள். நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடுங்கள்.

"வேலைக்குப் போய்வரவே நேரமில்லை, வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது" என்கிறீர்களா? தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை நினைத்துக்கொள்ளுங்கள். 1859-இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்தவர் அவர். முதலில் ஆசிரியராயிருந்தார், பின்பு சித்த மருத்துவராகித் தஞ்சையில் பெயர் பெற்றார். அவருடைய குடும்பம் பிழைத்தது மருந்தினால். இளமையில் கற்ற இசையையோ அவர் விட்டுவிடவில்லை. 1912-இல், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில், இசைக்கென்று ஒரு சங்கத்தை நிறுவி, 1916 வரை ஏழு மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். சுருதிகளைப்பற்றித் தாம் கண்டதை 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் அறிஞர்முன் வைத்தார். 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1919-இல், அவர் காலமானார். ஐம்பதைத் தாண்டியபின் இனி எதற்கு என்று அவர் ஓய்ந்திருந்தால், தமிழிசைக்கு அந்த நூல் கிடைத்திருக்காது.

அப்படியானால் எதைத் தெரிந்துகொள்வது? மூன்று காரியங்களைப் பாருங்கள். முதலாவது, அது வீடு மாறினாலும் கூடவே வரவேண்டும். இரண்டாவது, கற்க இன்னும் ஒரு படி மீதியிருக்கவேண்டும். மூன்றாவது, "இது சரியில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்ல, அறிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

தையலை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை தைக்கத் தெரிந்த அநேகருக்குக் கைப்பகுதியைச் சுருக்கமில்லாமல் இணைப்பது கடினம். ஒரு மாதம் அதை மாத்திரம் பழகுங்கள். முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டுங்கள், தவறினால் நஷ்டமில்லை. பின்பு கிழிந்த புடவைத் துணியில் தைத்து, தேர்ந்த தையற்காரரிடம் காட்டுங்கள். அவர் சுட்டிய ஒரு குறையை அடுத்த வாரத்தில் திருத்துங்கள். இரவில் அரைமணி நேரம் போதும். களைத்த நாளில் உறங்குங்கள். சோர்ந்த கை தவறான பழக்கத்தையே கற்கும்.

பிள்ளைகளுக்கோ தமிழே ஒரு தேர்ச்சியாகட்டும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் நரேலாவில் இல்லை. அங்கே போன குழந்தைக்குத் தாய்மொழியை யார் கற்றுத் தருவார்கள்? தினமும் ஒரு பக்கத்தைச் சத்தமாய் வாசிக்கச் சொல்லுங்கள்; ஊரிலுள்ள தாத்தாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழைகளில் ஒருவகையை மட்டும் அந்த வாரம் திருத்துங்கள். உங்களுக்கே வாசிக்கத் தெரியாதென்றால், பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

ரோமாபுரியை விட்டு யூதரெல்லாரும் போகவேண்டும் என்று இராயன் கட்டளையிட்டபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துவுக்கு வந்து சேர்ந்ததை நீங்கள் வாசித்திருப்பீர்கள். கூடாரம்பண்ணுகிற தொழில் அவர்களோடு கொரிந்துவுக்கும் வந்தது. அதே தொழிலைச் செய்த பவுலுக்கும் அவர்கள் வீட்டில் இடம் கிடைத்தது.

உங்கள் கையோடு வரப்போவது எது? இன்று இரவு உறங்குமுன் அதற்கு ஒரு பெயர் சூட்டுங்கள். நாளை அரைமணி நேரத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.